மூச்சின் இயல்பும் மானிப்பாய்த் தமிழ் வைத்தியக் கல்வியும்

மக்கள் ஒரு நாளில் விடும் மூச்சு இருபத்தோராயிரத்து அறுநூறு என்பது நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவந்த கணக்கு. தில்லைப் பொன்னம்பலத்தின் பொன்னோடுகளின் தொகையும் அதுவே என்று சைவ மரபு கூறும். நாளொன்றுக்கு நாழிகை அறுபது. நாழிகை ஒன்றுக்கு மூச்சு முந்நூற்றறுபது. இதனை இக்கால முறையில் வகுத்துப் பார்ப்பின் நிமிடம் ஒன்றுக்குப் பதினைந்து மூச்சு என வரும். ஓய்ந்திருக்கும் வளர்ந்த மனிதன் ஒரு நிமிடத்தில் 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுகிறான் என்பது இன்றைய உடற்றொழிலியலார் கொள்கை. கருவியேதுமின்றிக் கண்ட பழைய கணக்கு இவ்வெல்லைக்குள் அடங்குதல் கருதத்தக்கது.

எனினும், மூச்சை எண்ணுதல் வேறு; உள்ளே சென்ற காற்று யாது செய்கின்றது என்று அறிதல் வேறு. அவ்வறிவு உலகிற்குக் கிடைத்தது மிகப் பிந்திய காலத்திலேயாம். அது கிடைத்துச் சில தலைமுறைகள் கழியுமுன்னரே, யாழ்ப்பாணத்து மானிப்பாய் என்னும் ஊரில் அதனைத் தமிழ் மாணவர் தமிழிலேயே கற்றனர் என்பது பலர் மறந்துவிட்ட வரலாறு. அக்கல்வி எவ்வாறு தோன்றியது, எக்காரணத்தால் நின்றது என்பவற்றை ஆராய்வது நமது மொழியின் ஆற்றலைப் பற்றிய ஒரு வினாவிற்கு விடை காண்பதாகவும் அமையும்.

பழந்தமிழர் அறிந்தவை

மூச்சைப் பற்றிய சிந்தனை தமிழர்க்குப் புதியதன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் பிராணாயாமத்தை விரித்துக் கூறுகின்றது. காற்றை உள்வாங்குதலைப் பூரகம் என்றும், நிறுத்துதலைக் கும்பகம் என்றும், வெளிவிடுதலை இரேசகம் என்றும் வகுத்துப் பெயரிட்டனர். உடலினுள் இயங்கும் வாயுக்கள் பத்தென்றும் அவற்றுள் பிராணனே தலைமையானதென்றும் சித்த வைத்தியம் கொண்டது. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் ஏட்டு வடிவில் பரம்பரை வைத்தியரிடையே வழங்கி வந்தன. காசம், ஈளை, இரைப்பு, க்ஷயம் என மூச்சுறுப்பைப் பற்றிய நோய்களை நம் வைத்தியர் பிரித்தறிந்து மருந்து செய்தனர்.

நுரையீரல் என்னும் சொல்லையே நோக்குக. ஈரல் போன்றது, ஆயின் நுரைபோல் இலேசானது என்பது அதன் பொருள். அறுத்த ஆட்டின் உறுப்பைக் கண்ணாற் கண்டவன் இட்ட பெயர் அது. அதனை நீரிலிட்டால் மிதக்கும். ஆயினும் அந்நுரையின் ஒவ்வொரு குமிழியையும் சூழ்ந்து ஓடும் நுண்ணிய குருதிக் குழாய்களைக் காண வெறுங்கண் போதாது. நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் அதனை அறியாமை நமக்கு மாத்திரம் உரிய குறையன்று. மேனாட்டாரும் அன்று அதனை அறியார்.

மேனாட்டிற் கண்ட படிமுறை

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க வைத்தியர், இருதயத்தின் வெப்பத்தைத் தணிப்பது மூச்சின் முக்கிய தொழில் என்று கொண்டார். இருதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்டுளைகள் வழியே குருதி ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்கின்றது என்றும் கூறினார். அத்தகைய துளைகள் இல்லை. ஆயினும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவில் அவர் கூற்றே வேதவாக்காக இருந்தது. குருதி நுரையீரலின் வழியாகவே வலப்புறத்திலிருந்து இடப்புறஞ் செல்கின்றது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இபுனு அன்னபீசு என்னும் அராபிய வைத்தியர் எழுதினார். அது நெடுங்காலம் பலர்க்கும் எட்டவில்லை.

1628 ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியராகிய வில்லியம் ஹார்வி, குருதி உடல் முழுவதும் சுற்றியோடுகின்றது என்று நிறுவினார். எனினும் குருதி எவ்வழியால் ஒரு குழாய்த் தொகுதியிலிருந்து மற்றைத் தொகுதிக்குச் செல்கின்றது என்பதை அவர் கண்ணாற் கண்டாரில்லை. இத்தாலிய நாட்டு மல்பீகி 1661 இல் தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து அவ்வழியைக் கண்டார். நுரையீரல் தசையன்று, மெல்லிய சவ்வாலான காற்றறைகளின் திரள் என்பதும், அவ்வறைகளின் மேல் மயிரினும் நுண்ணிய குழாய்கள் படர்ந்துள்ளன என்பதும் அன்று தெளிவாயின.

இனிக் காற்றின் வரலாறு. 1750 களில் யோசேப்பு பிளாக் என்பவர், நாம் வெளிவிடும் மூச்சில் ஒரு தனிவகை வாயு உண்டு என்று காட்டினார். வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பை நீரிற் கரைத்துத் தெளியவைத்து, அத்தெளிநீரில் ஒரு குழல்வழியே ஊதினால், நீர் பால்போல் வெளுக்கும். இச்சோதனையை எவரும் வீட்டிலேயே செய்து காணலாம். அவ்வாயுவே இன்று காபனீரொட்சைட்டு எனப்படுவது. 1774 இல் பிறீஸ்லி எரிதலுக்கு உதவும் வாயுவைப் பிரித்தெடுத்தார். பிரான்சு தேசத்து இலவோசியர் அதற்கு ஒட்சிசன் எனப் பெயரிட்டு, மூச்சு விடுதலும் விளக்கெரிதலும் அடிப்படையில் ஒரே செயல் என்று நிறுவினார். அவ்வெரிதல் நுரையீரலினுள்ளே நிகழ்வதாக அவர் எண்ணியது தவறாயிற்று. 1837 இல் மக்னசு என்னும் செர்மானியர் குருதியிலேயே அவ்வாயுக்கள் இருத்தலைக் காட்டியபின், எரிதல் உடலின் இழையங்கள் தோறும் நிகழ்கின்றது என்னும் உண்மை வலுப்பெற்றது. இங்ஙனம் பெரியோர் ஒருவரை ஒருவர் திருத்தித் திருத்தியே இக்கலை வளர்ந்தது.

நுரையீரலின் தொழில்

இவ்வாறு கண்ட உண்மைகளையும் பின்னர்க் கண்டவற்றையும் சேர்த்து நுரையீரலின் இயக்கத்தைச் சுருக்கிக் கூறலாம். மூக்கின் வழியே செல்லும் காற்று அங்கே தூசு நீங்கி, வெம்மையும் ஈரமும் பெறுகின்றது. பின்பு குரல்வளையைக் கடந்து மூச்சுக்குழாயை அடைகின்றது. அக்குழாய் நெஞ்சினுள்ளே இரண்டாகக் கிளைத்து, ஒவ்வொரு கிளையும் மேலும் மேலும் இரண்டிரண்டாகப் பிரிந்து, ஏறத்தாழ இருபத்துமூன்று படிகளின்பின் நுண்ணிய காற்றறைகளில் முடிகின்றது. வலது நுரையீரலுக்கு மூன்று சோணைகளும், இருதயத்திற்கு இடம்விட்ட இடது நுரையீரலுக்கு இரண்டு சோணைகளும் உள. காற்றறைகளின் தொகை முப்பது கோடிக்குக் குறையாது. அவற்றின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பின் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் இடத்தை மூடும். காற்றுக்கும் குருதிக்கும் இடையேயுள்ள சவ்வின் தடிப்போ மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைவு.

நுரையீரலைக் கொல்லன் துருத்திக்கு ஒப்பிடுதல் பழைய வழக்கு. அவ்வுவமை பொருத்தமானதே, ஆயின் ஒன்றை மறத்தலாகாது. துருத்தி தானே விரிவதில்லை. கொல்லனின் கையே அதனை விரிக்கின்றது. அவ்வாறே நுரையீரலும் தானே விரியும் தசையுடையதன்று. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு சுருங்கித் தாழ, விலாவென்புகளை இணைக்கும் தசைகள் அவ்வென்புகளை உயர்த்த, நெஞ்சறை பெருக்கின்றது. அதனுள் அமுக்கம் குறையவே வெளிக்காற்று உட்புகுகின்றது. தசைகள் தளர, நுரையீரல் தன் மீள்தன்மையாற் சுருங்கிக் காற்றை வெளிவிடுகின்றது.

ஓய்வுநிலையில் ஒரு மூச்சில் உட்செல்லும் காற்று ஏறத்தாழ அரை இலீற்றர். இயன்றமட்டும் உள்ளிழுத்து இயன்றமட்டும் வெளிவிடின் நான்கு, ஐந்து இலீற்றர் வரை வெளிவரும். எவ்வளவு முயன்று ஊதினும் ஓர் இலீற்றருக்கு மேற்பட்ட காற்று உள்ளே எஞ்சியிருக்கும். உட்செல்லும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன். வெளிவருவதில் 16 பங்கு. காபனீரொட்சைட்டோ 0.04 பங்காக உட்சென்று 4 பங்காக வெளிவருகின்றது. ஒட்சிசன் முழுவதும் செலவாகிவிடுகின்றது என்று எண்ணுவோர் இக்கணக்கைக் கருதுக. மூச்சின் வேகத்தை ஆள்வது மூளையின் அடியிலுள்ள நீள்வளைய மையவிழையம். குருதியிற் காபனீரொட்சைட்டு மிகும்போது அது மூச்சை விரைவுபடுத்தும். கும்பகம் செய்வோன் நெடுநேரம் மூச்சை அடக்க இயலாது தவிப்பதற்குப் பெருங்காரணம் ஒட்சிசன் குறைவன்று, காபனீரொட்சைட்டின் மிகுதியேயாம்.

மானிப்பாயில் வைத்தியக் கல்வி

இக்கலை யாழ்ப்பாணத்துக்கு வந்தது அமெரிக்க மிஷனரிமார் வழியாக. 1820 இல் வைத்தியர் யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்யத் தொடங்கினார். பின்னர் வைத்தியர் நாதன் வார்ட் வட்டுக்கோட்டையிற் பணிபுரிந்தார். நியூயோர்க்கில் வைத்தியங் கற்றுத் தேறிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இலங்கை வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து மாணவர் சிலரைச் சேர்த்து வைத்திய வகுப்பைத் தொடங்கினார்.

1848 ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றிற் குறிக்கத்தக்க ஆண்டாகும். அவ்வாண்டிலேயே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நாவலரும் கிறீனும் 1822 ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். ஒருவர் சைவம் தழைக்கத் தொண்டு பூண்டவர். மற்றவர் கிறித்து மதம் பரப்ப வந்தவர். அவர்தம் நோக்கங்கள் ஒன்றோடொன்று மாறுபட்டவை. ஆயினும் பெருங் கருத்துகளை எளிய தமிழ் உரைநடையிற் கூற வேண்டும் என்னும் ஒரு நிலையில் இருவரும் ஒன்றுபட்டனர். ஒருவர் வசனநடையைச் சமயக் கல்விக்கும் இலக்கியக் கல்விக்கும் கருவியாக்கினார். மற்றவர் அதனை உடற்கூற்றறிவுக்குக் கருவியாக்கினார்.

கிறீனின் முதல் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. எனினும் அவர் அப்பொழுதே தமிழிலும் நூல் செய்யத் தொடங்கிவிட்டார். கல்வின் கட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய பாடநூலைத் தழுவிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1850 களில் வெளிவந்தது. அங்காதிபாதம் என்பது உறுப்பமைப்பையும், சுகரணம் என்பது உறுப்புகளின் தொழிலையும், உற்பாலனம் என்பது உடலைப் பேணும் முறையையும் குறித்தன. பாதாதிகேசம் என்னும் சிற்றிலக்கிய வகையைக் கேட்டறிந்த தமிழ்ச் செவிக்கு அங்காதிபாதம் என்னும் பெயர் அந்நியமாக ஒலித்திராது.

கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். முதலில் தமிழ் வழக்கிலும் நூல்களிலும் சொல் உண்டோ எனத் தேடுதல். இல்லையாயின் வடமொழியை நாடுதல். அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இயைய எழுதுதல். இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் எனப் பெயர் வந்தது இம்மூன்றாம் வழியாலாகும். இன்று கலைச்சொல் ஆக்குவோரும் பெரும்பாலும் இவ்வழிகளையே மேற்கொள்ளுதல் காண்க.

தமிழ் வகுப்பும் அதன் பயனும்

இடையிற் சில ஆண்டுகள் தாயகத்தில் தங்கிய கிறீன் 1862 இல் மீண்டு வந்தார். 1864 ஆம் ஆண்டு முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு அகன்றதை அவர் கண்டிருந்தார். தமிழிற் கற்றவர் தம் ஊரில் தம் மக்களிடையே வாழ்ந்து வைத்தியஞ் செய்வர் என்பது அவர் எண்ணம். மாணவர் மேனாட்டு உடை நடைகளை மேற்கொள்வதையும் அவர் விரும்பினாரல்லர்.

குருதியின் செம்பொருளுக்கு ஈமோகுளோபின் என்னும் பெயர் செர்மனியிற் சூட்டப்பட்டது அதே 1864 ஆம் ஆண்டிலேயாம். காற்றறையிலிருந்து ஒட்சிசனை ஏற்று உடலெங்குஞ் சுமந்து செல்வது அப்பொருளே. ஐரோப்பாவில் இக்கலை இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே மானிப்பாய் மாணவர் அதனைத் தாய்மொழியிற் பயிலத் தொடங்கினர் என்பது இதனாற் புலனாகும்.

தொடர்ந்து நூல்கள் பல வெளிவந்தன. 1867 இல் இரண வைத்தியமும், 1872 இல் மனுஷ அங்காதிபாதமும், 1875 இல் கெமிஸ்தமும் அச்சேறின. மனுஷ அங்காதிபாதம், என்றி கிரே இலண்டனில் 1858 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் தமிழாக்கம். மூலத்திற்கும் தமிழுக்கும் இடையே சென்ற காலம் பதினான்கு ஆண்டுகளே. இம்மொழிபெயர்ப்புகளில் அவர் மாணவரும் பெரும்பங்கு கொண்டனர். கிறீன் அவற்றைப் பார்த்துத் திருத்தினார். 1873 இல் உடல்நலங் குன்றித் தாயகஞ் சென்றபின்னும் அவர் இப்பணியைக் கைவிட்டாரல்லர். டால்ரன் என்னும் அமெரிக்கரின் நூலைத் தழுவிய மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. மறு ஆண்டில் கிறீன் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் உயிர்நீத்தார். தமிழருக்குரிய வைத்திய ஊழியர் என்று தம் கல்லறையிற் பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

கால் நூற்றாண்டில் கிறீன் பயிற்றிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றுத் தேறியவர். 1866, 1867 ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி குடாநாட்டை வாட்டியபோது, கிறீனோடு அவருடைய மாணவரும் ஊரூராகச் சென்று தொண்டாற்றினர். தமிழிற் கற்ற வைத்தியம் நோயாளியின் பாயருகே பயன்படுமோ என்ற ஐயத்திற்கு இதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.

கல்வி நின்ற காரணம்

இத்துணைச் சிறப்புடைய கல்வி ஏன் நிலைக்கவில்லை? தமிழில் நூலில்லாமையாலன்று, நூல்கள் இருந்தன. சொல்லில்லாமையாலுமன்று, சொற்கள் ஆக்கப்பட்டன. மாணவர் விளங்கிக்கொள்ளாமையாலுமன்று, அவர்கள் தேறி வைத்தியஞ் செய்தனர். 1870 இல் அரசாங்கம் கொழும்பில் வைத்தியக் கல்லூரியை ஆங்கில மொழியிற் றொடங்கியது. அரசாங்க உத்தியோகமும் சம்பளமும் அவ்வழியே கிடைத்தன. தமிழிற் கற்றவருக்கோ ஊரார் தரும் ஊதியமே கதி. பிள்ளையை வைத்தியனாக்க விரும்பிய பெற்றோர் எவ்வழியைத் தெரிந்திருப்பர் என்று கூறவும் வேண்டுமோ? கிறீன் சென்றபின் தமிழ் வகுப்பு தளர்ந்து நின்றது. மொழி தோற்கவில்லை, அம்மொழியிற் கற்றவனுக்குப் பிழைப்புக்கு வழி வகுக்கப்படவில்லை.

வகுப்பு நிற்கவே நூல்களும் முதுமையடைந்தன. விஞ்ஞான நூல் இலக்கிய நூல் போன்றதன்று. திருத்தப்படாதாயின் பழைமையடைந்து பயனிழக்கும். கோக்கு என்னும் செர்மானியர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தது 1882 இல். காற்றறையின் உட்புறத்தில் உள்ள ஈரப்படலத்தின் பரப்பிழுவிசையே நுரையீரலின் மீள்தன்மைக்குப் பெருங்காரணம் என்று 1929 இல் ஒருவர் காட்டினார். அவ்விழுவிசையைத் தணிக்கும் ஒரு பொருள் நுரையீரலிற் சுரக்கின்றது என்பதும், குறைமாதத்திற் பிறந்த குழந்தைகள் மூச்சுத்திணறி இறப்பது அப்பொருட் குறைவாலேயே என்பதும் 1950 களில் வெளிப்பட்டன. நுரை என்று நம் முன்னோர் கண்ட உறுப்பின் இரகசியம் நுரையின் இயல்பிலேயே அடங்கியிருந்தது! கிறீனின் வகுப்பு தொடர்ந்திருப்பின் இவ்வுண்மைகள் வந்த வந்த காலத்திலேயே தமிழ் வைத்திய நூல்களில் ஏறியிருக்கும்.

பிற்காலத்தார் பணியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 1916 இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் சாத்திரீய பரிபாஷைச் சங்கத்தை அமைத்தனர். இலங்கையில் 1950 களின் நடுப்பகுதி முதல் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றின் வழியே சுவாசப்பை, சுவாசச்சிற்றறை முதலிய சொற்கள் நம் பாடசாலைகளில் வழங்கலாயின. சுகரணமும் உற்பாலனமும் மறைந்தன. சொல் மாறுதல் குற்றமன்று. ஆயினும் பை என்றது அவ்வுறுப்பின் வடிவைக் காட்டுமளவிற்கும் நுரையீரல் என்ற பழஞ்சொல் அதன் உள்ளியல்பைக் காட்டுகின்றது என்பதை ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று.

இன்று யாழ்ப்பாணத்து மாணவர் உயர்தர வகுப்புவரை உயிரியலைத் தமிழிற் கற்கின்றனர். 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய மருத்துவ பீடமோ ஆங்கிலத்திற் கற்பிக்கின்றது. உலகத்து ஆராய்ச்சியோடு தொடர்பு கொள்ள ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் வைத்தியர் மூச்சுத்திணறும் கிழவியிடம் அவள் நோயை எடுத்துக்கூற வேண்டிய மொழி தமிழ். அம்மொழியில் அக்கலையைத் தெளிவாகக் கூறும் பயிற்சி அவருக்கு வேண்டாவோ? ஆங்கிலத்தை விலக்குதல் தேவையில்லை. அதனோடு தமிழிலும் எழுதுவோரும் கற்பிப்போரும் பெருகுதலே தேவை.

மூச்சு ஒருமுறை உள்வாங்கினால் வாழ்நாள் முழுவதற்கும் போதுவதன்று. கணந்தோறும் புதுக்காற்று வேண்டும். ஒரு மொழியில் விஞ்ஞானம் வாழ்தலும் அத்தகையதே. மானிப்பாயில் ஒரு தலைமுறை செய்த அரும்பணி அடுத்த தலைமுறையால் தொடரப்படாமையின் தளர்ந்தது. அந்நூல்களைத் தேடிப் பேணுதலும், அவற்றினின்று இன்றைக்குப் பொருந்தும் சொற்களை மீட்டெடுத்தலும், அவற்றின் பின்னர்க் கண்ட உண்மைகளைத் தமிழில் எழுதுதலும், தமிழில் விஞ்ஞானங் கற்று வெளியேறும் இன்றைய மாணவரின் கடமையாகும்.